வாராவாரம் முடிகிற கதை

"அது வேற, இது வேற. எத்தனை தடவைக்கா சொல்றது?"

"வேறயா இருந்தா எனக்கும் சந்தோஷம்தாண்டி. வேற வேறன்னு நினைச்சுதானே இப்ப வாயில மண்ணை..."

"டிவியில வர்றதை என் வீட்டுக்குள்ள கொண்டு வராதே."

"நான் எங்க கொண்டு வந்தேன்? ஒருத்தன் போன் பண்ணி மாடி கேட்கிறான், இன்னொருத்தன்..."

"கேஸ் கம்பெனிக்காரன் மாடி கேட்காம மழையா பெய்யுதான்னு கேட்பான்?"

"பேச விடுடி."

"நீ பேசினா பயமா இருக்கு. நான் தூங்க ஆரம்பிச்சே நாலு நாள்தான் ஆகுது."

அக்கா முன்னால் திரும்பி உட்கார்ந்தாள். எதிரே கண்ணாடிக்கு அப்பால் பதிவறை காலியாக இருந்தது. ஒரு மைக், வசனத்தாள் வைக்க ஒரு தாங்கி, உயரமான ஒரு ஸ்டூல். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அக்காவின் மேசை, இரண்டு திரைகள், ஸ்பீக்கர்கள், தங்கை உட்கார்ந்து எழுதும் மூலை. ஜன்னல் கிடையாது. மணி என்னவென்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தால்தான் தெரியும். மதியம் ஒன்றரை.

வெளிநாட்டுத் துப்பறியும் தொடர்களுக்குக் குரல் மாற்றித் தருவது இருவருக்கும் தொழில். வாயசைவுக்குப் பொருந்துகிற மாதிரி தங்கை வசனம் எழுதுவாள். யாருக்கு யார் குரல் என்று முடிவுசெய்து, பேசவைத்து, பதிவு செய்வது அக்கா. இருபத்தாறு வருடமாகக் காதை நம்பியே பிழைக்கிறவள் அவள். அந்தக் காதுக்குத்தான் இன்று காலை அடி விழுந்திருந்தது.

இப்போது கையில் இருக்கும் தொடர் வாரம் ஒரு பாகமாக வரும். அடுத்த வாரம் என்ன வரும் என்று இவர்களுக்கும் தெரியாது. ஒவ்வொரு பாகத்திலும் ஒரு கொலை, ஒரு விசாரணை, ஒரு கைது. இரண்டாம் பாகத்தில் செத்துப்போகும் பெண்ணுக்கு ஓர் இன்சூரன்ஸ்காரன் போன் செய்வான். ஐந்தாம் பாகத்தில் ஆஸ்பத்திரி குமாஸ்தா ஒருவன். எட்டாம் பாகத்தில் ராங் நம்பர் என்று மன்னிப்புக் கேட்டு வைக்கிற ஒருவன். மூவருக்கும் முகமே கிடையாது, போனில் வரும் குரல் மட்டும்தான். அன்றன்றைக்கு ஸ்டுடியோவில் யார் இருந்தார்களோ அவர்களைப் பேசவைத்து அக்கா அனுப்பிவிட்டாள். இன்று காலை வந்த பதினோராம் பாகத்தில் அந்த மூவரும் ஒரே ஆள் என்று வெளிப்பட்டது. மூலத்தில் ஒரே நடிகர்தான் பேசியிருக்கிறார், கொஞ்சம் கொஞ்சம் குரலை மாற்றி. இவர்கள் ஒரு கொலைகாரனை மூன்றாக வெட்டி, மூன்று பேருக்குப் பங்கு போட்டிருந்தார்கள்.

"எனக்கு வாரம் முடிஞ்சா கதை முடியணும்க்கா," என்றாள் தங்கை, குரலைத் தணித்து. "நாப்பத்து மூணு நிமிஷம். செத்தது யாரு, கொன்னது யாரு, கையில விலங்கு. டிவியை அணைச்சிட்டுப் படுத்தாச்சு. உனக்குப் பிடிச்ச நீளக் கதை இருக்கே, அது மனுஷனைத் தூங்க விடாது. பால்காரனைப் பார்த்தாலும் சந்தேகம், பக்கத்து வீட்டு நாயைப் பார்த்தாலும் சந்தேகம்."

"நாய்க்கு நானே குரல் குடுத்திருக்கேன். அது ரொம்ப நல்ல நாய்."

தங்கை சிரித்துவிட்டாள். சிரித்தபடியே இடது மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். எட்டு மாதத்துக்கு முன்னால் அவள் கணவன் அந்தக் கையைக் கதவிடுக்கில் வைத்து மெதுவாகச் சாத்தியிருந்தான். கோபமே படாமல், டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போது. மறுநாள் காலை ஏழு வயது மகளைக் கூட்டிக்கொண்டு தங்கை வெளியேறினாள். புது வீடு எந்தத் தெரு, எந்தக் கட்டடம் என்பது அக்காவுக்கும் வக்கீலுக்கும் மட்டும் தெரியும். பிள்ளையின் பாஸ்போர்ட் இன்னும் அவனிடம் இருக்கிறது. "தூக்கிட்டுப் போயிட்டேன்னா எந்த நாட்டுலன்னு தேடுவே?" என்று அவன் அனுப்பிய ஒரே ஒரு செய்தியை வக்கீல் அச்செடுத்துக் கோப்பில் வைத்திருக்கிறார்.

"ரெண்டு போன் கால்தானே வந்துது," என்றாள் தங்கை. "ஒண்ணு கேஸ். ஒண்ணு கூரியர். எல்லா வீட்டுக்கும் வருது."

"எல்லா வீட்லயும் உன் புருஷன் மாதிரி ஒருத்தன் தேடிட்டு இருக்கானா?"

கதவு தட்டப்பட்டது. தட்டியவர் தட்டிவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் உள்ளே வந்தார்.

"அக்கா, வணக்கம். சின்னக்கா, வணக்கம். வாசல் வரைக்கும் சத்தம் கேட்குது. சண்டைன்னா சொல்லுங்க, ரெண்டு பேருக்கும் நானே டப்பிங் பேசிடறேன்."

வெண்கலம். ஸ்டுடியோவில் எல்லோரும் வைத்த பெயர் அது. முப்பத்தைந்து வயது, மெலிந்த உடம்பு, அந்த உடம்புக்குள் எங்கிருந்து வருகிறது என்று தெரியாத ஒரு குரல். கிழவன், குடிகாரன், அதிகாரி, வானொலி அறிவிப்பாளர் என்று எதைக் கேட்டாலும் தருவார். பதினேழு வயதில் வந்தவருக்கு மைக் முன்னால் மூச்சு விடக் கற்றுக்கொடுத்ததே அக்காதான்.

"மூணு பாகத்தையும் திரும்பப் பேசணும் தம்பி. மூணும் ஒரே ஆள்."

"கேள்விப்பட்டேன். என் பக்கத்தைக் குடுங்க."

"முழுசா கதை கேளு முதல்ல. அவன் எதுக்குப் போன் பண்றான்னா..."

"வேண்டாம்க்கா. கதை தெரிஞ்சா குரல்ல கனம் ஏறிடும். இன்சூரன்ஸ்காரன்னா எனக்கு இன்சூரன்ஸ்காரன், அவ்வளவுதான். என் பக்கம் மட்டும் போதும்."

அவர் எப்போதும் சொல்வதுதான். அக்கா தாளை நீட்டினாள்.

பதிவு தொடங்கியது. டப்பிங்கில் ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் மூன்று பீப் ஒலி வரும். நாலாவது ஒலிக்காது. ஒலிக்காத அந்த இடத்தில் பேச்சைத் தொடங்க வேண்டும். மற்ற இடங்களில் எல்லாம் இந்த எண்ணிக்கை வேகமாக ஓடும். இங்கே அக்கா அதைக் கொஞ்சம் மெதுவாக வைத்திருந்தாள், புதிதாக வருகிறவர்கள் பதறாமல் இருக்க. வேறு ஸ்டுடியோவுக்குப் போனால் தடுமாறுகிறோம் என்று அவள் வளர்த்த நாலைந்து பேரும் புலம்புவார்கள்.

"வணக்கம்மா, பாலிசி விஷயமாப் பேசறேன். வீட்லதானே இருக்கீங்க?" என்றார் வெண்கலம். தேன் மாதிரி வந்தது.

"நல்லா இருக்கு. அடுத்தது."

ஆஸ்பத்திரி குமாஸ்தா மூக்கடைத்துப் பேசினான். ராங் நம்பர்காரன் கிழவன். மூன்றும் மூன்று ஆட்கள். அக்கா திருப்தியில்லாமல் பேனாவால் மேசையைத் தட்டினாள்.

"ரொம்ப நல்லா ஒளிஞ்சுக்கறே தம்பி. அடியில ஒரே ஆள்னு தெரியணும். ஏதாவது ஒண்ணை மறைக்காம விடு."

"எதை விடறது? மறைக்கிறதுன்னு வந்துட்டா எல்லாத்தையும்தான் மறைப்பான்," என்று சிரித்தார் வெண்கலம். "பத்து நிமிஷம் குடுங்க, யோசிக்கறேன்." ஸ்டூலில் உட்கார்ந்து ஹெட்போனைக் கழற்றித் தாங்கியில் மாட்டினார். தண்ணீர் குடித்தார்.

அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு ஐம்பது.

"நீ கிளம்பலையா? ரெண்டே முக்காலுக்கே போயிடுவியே."

"இன்னிலேருந்து பஸ் அரை மணி லேட்டு. நாலு மணிக்குதான் இறக்கி விடுவாங்க. மூணே காலுக்குக் கிளம்பினா போதும்."

"யார் சொன்னது?"

"ஸ்கூல்லேருந்து போன் வந்துது, செவ்வாய்க்கிழமை."

அக்கா நாற்காலியைத் திருப்பினாள்.

"ரெண்டு கால்னு சொன்னே."

"ஸ்கூலையுமா அதுல சேர்க்கிறது? அக்கா, உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு. இரு, நீயே கேளு. வக்கீல் சொன்னதுலேருந்து எல்லா காலும் போன்ல பதிவாகுது. கேட்டுட்டு வாயை மூடிக்கணும், சரியா?"

தங்கை தன் போனை மேசையில் இருந்த ஒயரில் கோர்த்தாள். பதிவறைக்குள் இந்தச் சத்தம் போகாது. கண்ணாடிக்கு அப்பால் வெண்கலம் தாளைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

முதல் அழைப்பு. தங்கையின் "ஹலோ". அப்புறம் ஒரு கரகரத்த நடுவயதுக் குரல், கேஸ் குழாய் பரிசோதனை, தெருப் பெயரை அவனே சொன்னான். எந்தக் கட்டடம், எத்தனாவது மாடி என்று மட்டும் கேட்டான். தங்கை சொன்னாள்.

இரண்டாவது. "ஹலோ." இளவட்டக் குரல், அவசரம், பின்னால் வண்டி ஓசை. பார்சல் இருக்கு மேடம், பகல்ல வாங்கிக்க யாராவது இருப்பாங்களா? "யாரும் இருக்க மாட்டாங்க தம்பி. எதிர் வீடு பூட்டிக் கிடக்கு. பிள்ளை இருந்தாலும் திறக்க மாட்டா. ஸ்கூல் பஸ் டிரைவர் மாமா ஒருத்தரைத் தவிர யார் தட்டினாலும் திறக்காதேன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"இதை ஏண்டி அவன்கிட்ட சொன்னே?"

"பேச்சுவாக்குல வந்துடுச்சு. அன்னிக்கு மறந்து போன பையை டிரைவர் கொண்டு வந்து குடுத்தாரு, அதனால... கேளு, இதுதான் ஸ்கூல்."

மூன்றாவது. "ஹலோ." மரியாதையான, வயதான குரல். சாலை வேலை நடப்பதால் வியாழக்கிழமை முதல் அரை மணி தாமதம், சிரமத்துக்கு மன்னிக்கவும்.

"போதுமா? மூணு வயசு, மூணு குரல். மூணு பேர்."

"ஆமா," என்றாள் அக்கா. "மூணு பேர் மாதிரிதான் கேட்குது."

நிஜமாகவே அப்படித்தான் கேட்டது. அவள் காதுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் பழக்கதோஷத்தில் மூன்று பதிவையும் திரையில் ஒன்றின் கீழ் ஒன்றாகப் போட்டிருந்தாள். பேச்சு மேடுமேடாகவும் மௌனம் தட்டைக் கோடாகவும் தெரியும் படம். தங்கையின் "ஹலோ" மூன்றையும் ஒரே நேர்கோட்டில் நகர்த்தி வைத்தாள்.



ஹலோவுக்கும் பதிலுக்கும் நடுவே இருந்த தட்டைக் கோடு மூன்றிலும் ஒரே நீளம். இம்மி பிசகவில்லை.

"நீ ஹலோ சொன்னதும் அவன் உடனே பேசலையா?"

"கொஞ்சம் இழுத்துதான் பேசினாங்க. லைன் சரியில்லன்னு நினைச்சேன். ஏன்?"

அக்கா தன் பீப் ஒலிப் பட்டையை எடுத்து நாலாவது கோடாக அடியில் போட்டாள். மூன்று பீப், ஒலிக்காத ஒரு நாலாவது. அந்த நாலாவது இடத்தில்தான் கேஸ்காரனும் கூரியர்காரனும் பள்ளிக்கூடத்துப் பெரியவரும் வாயைத் திறந்திருந்தார்கள்.

"இந்த எண்ணிக்கை நம்ம ஸ்டுடியோவுல மட்டும்தான்," என்றாள். "நான் சொல்லிக்குடுத்தது. அதைப் படிச்சவங்கள்ல மூணு வயசுலயும் பேசத் தெரிஞ்சவன் ஒருத்தன்தான்."

தங்கை திரையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். உள்ளேயிருந்து வெண்கலம் கட்டைவிரலை உயர்த்தி, தயார் என்று சைகை காட்டினார்.

"ஸ்கூலுக்குப் போன் போடு. இப்பவே."

தங்கை போனை ஒயரிலிருந்து உருவிப் பள்ளிக்கூடத்து எண்ணை அழுத்தினாள். "ஆமாங்க, ரெண்டாவது வகுப்பு. பஸ் நேரம்... மாறலையா? யாருமே சொல்லலையா? மூணு மணிக்கே... கிளம்பிடுச்சா?" போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. "டிரைவருக்கு ஒரு போன் பண்ணுங்க. பிள்ளையை இறக்காதீங்கன்னு சொல்லுங்க. ஓட்டும்போது எடுக்க மாட்டாரா? அப்ப திரும்பத் திரும்பப் பண்ணுங்க."

மணி மூன்று ஐந்து. பஸ் மூன்றரைக்கு வாசலில் நிற்கும். இங்கிருந்து வீட்டுக்கு முக்கால் மணி நேரம்.

"அம்மா கேட்ல இல்லன்னா மேல போய் உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கணும்னு சொல்லியிருக்கேன். சாவி அவ பையில இருக்கு. உள்ள போயிடுவா. திறக்க மாட்டா. திறக்க மாட்டாக்கா."

"போ. நான் போலீசுக்குச் சொல்றேன். போயிட்டே டிரைவருக்கு நீயும் அடிச்சுப் பாரு."

தங்கை பையைக்கூட எடுக்காமல் ஓடினாள். படிக்கட்டில் செருப்புச் சத்தம் இறங்கித் தேய்ந்தது. கண்ணாடிக்கு அப்பால் வெண்கலத்தின் கை இன்னும் உயர்ந்தபடியே இருந்தது. பிறகு தாழ்ந்தது.

போலீசில் எடுத்தவர் பொறுமையான மனிதர். அதுதான் பெரிய தொந்தரவாக இருந்தது.

"ஒவ்வொண்ணா சொல்லுங்கம்மா. கேஸ்காரர் மாடி கேட்டாரு. மிரட்டினாரா?"

"இல்ல."

"கூரியர்?"

"இல்லைங்க. மூணையும் சேர்த்துப் பார்த்தீங்கன்னா..."

"பள்ளிக்கூடத்துலேருந்து நேரம் சொன்னாங்க. அதுல என்ன குற்றம் நடந்திருக்கு?"

"சார், மூணும் ஒரே ஆள்."

"பிள்ளையோட அப்பா அந்த வீட்டுக்கு வந்திருக்காரா?"

"இன்னும் தெரியாது."

"வந்த உடனே கூப்பிடுங்க. பக்கத்துல வண்டி இருந்தா ஒரு எட்டு பார்க்கச் சொல்றேன்." முகவரியை எழுதிக்கொண்டார். எண்ணை ஒரு தடவை திருப்பிக் கேட்டார்.

அக்கா போனை வைத்தாள். பதிவறைக்குள் பேசுவதற்கான பொத்தானை அழுத்தினாள். வெண்கலம் ஹெட்போனைத் தலையில் மாட்டிக்கொண்டு மைக்கை நெருங்கினார்.

"சின்னக்கா ஓடறாங்களே, என்னக்கா?"

"கேஸ்காரன் குரல் நல்லா வந்திருந்துது தம்பி."

மைக்குக்கு முன்னால் இருக்கும் வாயின் ஈரச் சத்தம்கூட ஸ்பீக்கரில் கேட்டது.

"கூரியரும் நல்லா இருந்துது. வண்டிச் சத்தம் எங்க பிடிச்சே?"

"அக்கா, நான் சொல்றதைக் கேளுங்க. தப்பா எதுவும் இல்ல. சின்னக்கா வீட்டுக்காரர் அழுதாருக்கா. என் முன்னாடி உட்கார்ந்து அழுதாரு. எந்தத் தெருன்னு எப்படியோ கண்டுபிடிச்சுட்டாரு. பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசு அனுப்பணும், எந்த மாடின்னு மட்டும் தெரிஞ்சா போதும்னாரு. மாடி கேட்கிறதுல என்னக்கா இருக்கு?"

"அப்புறம்?"

"பரிசு போகும்போது வாங்க ஆள் இருக்கான்னு தெரியணும்னாரு. அது ரெண்டு வாரம் கழிச்சு. அதுவும் நியாயம்தானே. அப்புறம் இந்தச் செவ்வாய்க்கிழமை, அரை மணி நேரம், ஒரே அரை மணி நேரம் பிள்ளை முகத்தைப் பார்த்துட்டுப் போயிடறேன், அவங்கம்மா வர்றதுக்குள்ள போயிடறேன்னாரு. ஒவ்வொரு தடவையும் அது மட்டும்தான்க்கா. நான் எதையும் சேர்த்துப் பார்க்கல."

"உன் பக்கம் மட்டும் போதும் உனக்கு."

"சத்தியமா வேற எதுவும் தெரியாது."

"சின்னக்கா கையைப் பார்த்திருக்கே இல்ல நீ?"

"கதவுல நசுங்கிடுச்சுன்னு சொன்னாங்க."

"யார் சாத்தின கதவுன்னு கேட்டியா?"

மணி மூன்று முப்பத்தைந்து. அக்காவின் போன் அடித்தது. தங்கை, பின்னால் ஹாரன் சத்தம், சாலை நகரவில்லை என்றாள். டிரைவர் எடுத்தாராம். பிள்ளையை இறக்கிவிட்டு இப்போதுதான் வண்டியை எடுத்தாராம். கேட்டுக்குள் ஓடிப் போனதைப் பார்த்தாராம். வண்டியைத் திருப்பச் சொன்னால் இன்னும் பதினோரு பிள்ளைகள் உள்ளே இருக்கிறார்கள் என்கிறாராம்.

"உள்ள போயிட்டா இல்ல? தாழ்ப்பாள் போட்டிருப்பா," என்றாள் அக்கா. "வீட்டு போன்ல பேசு. அம்மா வர்ற வரைக்கும் திறக்காதேன்னு சொல்லு."

"அடிக்குது. எடுக்கல. ரெண்டு தடவை முழுசா அடிச்சு நின்னுடுச்சு."

"பாத்ரூம் போயிருப்பா. திரும்ப அடி. என்னைக் கட் பண்ணாம இன்னொரு லைன்ல போடு."

அக்கா தன் போனை மேசைமேல் ஸ்பீக்கரில் போட்டு வைத்தாள். அந்தப் பக்கம் வாகன இரைச்சலுக்கு நடுவே தங்கை முணுமுணுப்பது கேட்டது, எடுடா கண்ணு, எடுடா.

"தம்பி," என்றாள் அக்கா, பொத்தானை அழுத்தியபடி. "அவன்கிட்டே இப்பப் பேசு. போன் போடு."

"காலையிலேருந்து அணைச்சு வெச்சிருக்காரு."

"காலையில எதுக்கு நீ அவனுக்குப் போன் போட்டே?"

வெண்கலம் ஸ்டூலிலிருந்து எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். பதினெட்டு வருடமாக எந்தக் குரலிலும் கேட்காத ஒன்று இப்போது அவருடைய சொந்தக் குரலில் வந்தது.

"நேத்து ராத்திரி ஒரு சின்ன ஒலித்துண்டு அனுப்பியிருந்தாரு. யாரோ ஒரு வயசானவர் பேசறது. பிள்ளைங்க சத்தம் பின்னாடி கேட்டுது. இதே குரல்ல ஒரே ஒரு வரி பதிவு பண்ணி அனுப்புன்னாரு. அனுப்பினேன். அனுப்பிட்டுப் படுத்தா தூக்கம் வரல. அந்த வரி எதுக்குன்னு கேட்கத்தான் காலையில..."

"நாலாவது ஒண்ணு இருக்கு."

"ஒரே ஒரு வரிக்கா."

"சொல்லு."

"அக்கா..."

"சின்னக்கா லைன்ல இருக்கா. அவளும் கேட்கணும். எப்படி அனுப்பினியோ அப்படியே சொல்லு."

வெண்கலம் கண்ணை மூடிக்கொண்டார். மைக்கை நோக்கிக் குனிந்தார். வாகன இரைச்சலுக்கு மேல், அன்பான, கொஞ்சம் களைத்த ஒரு பெரியவரின் குரல் அறை முழுக்க வந்தது.

"குட்டிம்மா, டிரைவர் மாமாடா. அம்மா கீழ வண்டியில உட்கார்ந்திருக்காங்க, உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. கதவைத் திற."